முன்னறிந்த முடிவும் மறைத்த முடிவும்: ‘அந்த நாள்’ திரைப்படத்தை முன்வைத்து

திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள் அரங்க வாயிலில் விற்கப்பட்ட காலத்தில், அவற்றுள் கதைச்சுருக்கம் என்றொரு பகுதி இடம்பெற்றிருக்கும். கதைமாந்தர் பெருஞ்சிக்கலில் அகப்படும் இடத்தில் அச்சுருக்கம் நின்றுவிடும்; எஞ்சியதை வெள்ளித்திரையில் கண்டுகொள்ளுமாறு வாசகர் கேட்டுக்கொள்ளப்படுவார். நுழைவுச்சீட்டு விற்பனையை நோக்கமாகக் கொண்ட இவ்வழக்கம், பின்னர் மதிப்புரையாளர்களின் நெறியாகவே நிலைபெற்றுவிட்டது. இதழ்களில் வரும் திரைப்பட மதிப்புரைகளும் மர்ம நாவல்கள் பற்றிய குறிப்புகளும் முடிவைச் சொல்லாது விடுவதைக் கடமையாகக் கொள்கின்றன. சொல்லிவிட்டவர் சுவையைக் கெடுத்தவராகிறார். ‘ஸ்பாய்லர்’ என்று இன்று வழங்கும் சொல்லும் கெடுத்தல் என்னும் பொருளை உட்கொண்டதே.

புதிதாக வெளிவந்த ஒரு படைப்பை அறிமுகம் செய்யும் மதிப்புரைக்கு இந்நெறி பொருந்தும் என்பதில் ஐயமில்லை. திறனாய்வுக்கும் இது பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா. முடிவைச் சொல்லாமல் ஒரு கதைப்பின்னலை மதிப்பிட முயல்வது, தீர்ப்பைப் படிக்காமல் வழக்கை ஆராய்வது போன்றதாகும். தமிழ்த் திரைப்பட வரலாற்றில் பெரிதும் பாராட்டப்பெற்ற ‘அந்த நாள்’ (1954) பற்றிய பேச்சு இதற்குத் தக்க சான்று. பாடல் இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை என்று அப்படத்தில் இல்லாதவற்றின் பட்டியலே அறுபது எழுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றது. அதில் இருப்பது என்ன என்பதைச் சொல்லப் புகுந்தால் கொலையாளி யார் என்பதைச் சொல்ல நேரும். அதனால் பலரும் இல்லாதவற்றோடு நின்றுவிடுகின்றனர்.

பாயிரமும் முன்னறிவும்

தமிழ்ச் செய்யுள் மரபில் முடிவை மறைத்தல் ஒரு மதிப்பாகக் கருதப்பட்டதற்குச் சான்று காண்பது அரிது. நன்னூல் கூறும் சிறப்புப் பாயிர இலக்கணத்துள் நூல் நுதலிய பொருளும் அதனால் விளையும் பயனும் முன்னரே அறிவிக்கப்பட வேண்டியவையாகின்றன. கேட்போன் எதற்குள் நுழைகின்றான் என்பதை அறிந்தே நுழைய வேண்டும் என்பது இதன் உட்கிடை.

சிலப்பதிகாரப் பதிகம் இதனை எல்லை வரை கொண்டு செல்கின்றது. புகாரில் நாடகக் கணிகையோடு கூடிப் பொருளிழந்த வணிகன், சிலம்பு விற்க மனைவியோடு மதுரை புகுந்தமை, பொற்கொல்லன் சூழ்ச்சி, அரசனின் ஆணை, கொலை, மதுரை எரிந்தமை ஆகிய அனைத்தும் நூல் தொடங்கும் முன்பே கூறப்பட்டு விடுகின்றன. முப்பது காதைகளின் பெயர்களும் வரிசைப்படுத்தப்படுகின்றன. அவற்றுள் கொலைக்களக் காதை என்ற பெயரே ஒரு செய்தி. பதிகம் இளங்கோவடிகள் இயற்றியதா, பிற்காலத்தார் சேர்த்ததா என்பது அறிஞரிடையே தீராத விவாதம். யார் செய்திருப்பினும், கதையின் முடிவு முன்னே தெரிவதால் காப்பியத்துக்கு இழுக்கு நேரும் என்று அவர் எண்ணவில்லை என்பது தெளிவு. நூலுக்குள்ளும் இதே போக்கு தொடர்கின்றது. கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தான் கண்ட கனவைத் தேவந்தியிடம் உரைக்கிறாள். அடைக்கலக் காதையில் கோவலன் தன் கனவை மாடலனிடம் உரைக்கிறான். கேட்பவர் முன்பே அறிந்ததை மாந்தரும் அரைகுறையாக அறிகின்றனர். அறிந்தும் நடந்துகொண்டே இருக்கின்றனர். அச்சம் பிறப்பது அந்த நடையிலிருந்தே.

எனினும் இக்காப்பியம் மறைப்பே அற்றது என்று கொள்வதும் பிழையாகும். கண்ணகியின் சிலம்பில் உள்ள பரல் மாணிக்கம், கோப்பெருந்தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்னும் வேறுபாடு வழக்குரை காதையிலேதான் வெளிப்படுகின்றது. பதிகம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்ன நடக்கும் என்பது முன்னரே தெரியும். எதனால் மெய்ப்பிக்கப்படும் என்பதே பிற்பகுதிக்காக வைக்கப்பட்டுள்ளது. அரசன் பிழைத்தான் என்பதை அறிந்த கேட்போரும், சிலம்பு உடைபடும் கணத்தில் புதிதாக ஒன்றை அறிகின்றனர். எதைச் சொல்லலாம், எதை இறுதிவரை காக்கலாம் என்பதில் இளங்கோ காட்டும் இத்தேர்ச்சியை மர்மக்கதை ஆசிரியர் பலரிடம் காண இயலாது.

மறைத்தல் ஓர் அறமாவது

மறைத்தலையே கலையாக்கியது இருபதாம் நூற்றாண்டின் துப்பறியும் கதை. அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்டு கொலை’ (1926) இதன் உச்சம். கதையைச் சொல்லிக்கொண்டு வரும் மருத்துவர் ஷெப்பர்டே கொலையாளி என்பது அதன் முடிவு. இது வாசகரை ஏமாற்றுவதா, நேர்மையான ஆட்டமா என்று அக்காலத்தே பூசல் எழுந்தது. அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1945இல் அக்ராய்டைக் கொன்றவர் யாரென்பது யாருக்கு வேண்டும் என்ற தொனியிலேயே தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டு, இவ்வகை எழுத்தையே ஒதுக்கினார். பிரெஞ்சுத் திறனாய்வாளர் பியர் பயார் 1998இல் எழுதிய நூலிலோ, ஷெப்பர்டு குற்றவாளியல்லர், கிறிஸ்டியின் துப்பறிவாளர் தவறிவிட்டார் என்று வாதிட்டார். முடிவை அறிந்தபின்னும் ஒருவர் அந்நாவலை வரிவரியாக மீண்டும் படித்து வேறொரு முடிவை எழுப்ப முடிந்தது என்பதே வில்சனுக்குப் போதிய மறுமொழி. கிறிஸ்டியின் ‘எலிப்பொறி’ நாடகம் 1952 முதல் இலண்டனில் நடைபெற்று வருகின்றது. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்று 2021 மே மாதத்தில் மீண்டும் தொடங்கியது. முடிவைப் பிறரிடம் கூற வேண்டா என்று ஒவ்வொரு காட்சியின் இறுதியிலும் பார்வையாளர் வேண்டப்படுகின்றனர்.

திரைப்படத்தில் இவ்வேண்டுகோளைக் கட்டளையாக மாற்றியவர் ஆல்பிரட் ஹிட்ச்காக். ‘சைக்கோ’ (1960) தொடங்கிய பின்னர் எவரையும் அரங்கினுள் விடலாகாது என்று அவர் வற்புறுத்தினார். படம் தொடர்ச்சியாக ஓடிக்கொண்டிருக்க, விரும்பிய நேரத்தில் நுழைந்து விரும்பிய நேரத்தில் எழுந்து செல்லும் பழக்கமே அமெரிக்க அரங்குகளில் அதுவரை பெரிதும் நிலவியது. கதைத்தலைவி போலத் தோன்றும் நடிகை பாதிப் படத்திற்கு முன்பே கொல்லப்படுவதால், தாமதமாக வருபவர் அவரைத் தேடிக்கொண்டே இருப்பார் என்பது அவர் சொன்ன காரணம். முன்னணி நடிகரைத் தொடக்கத்திலேயே சாகடிக்கும் இத்துணிவு, ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் மேற்கொள்ளப்பட்டுவிட்டது என்பது இங்கு நோக்கத்தக்கது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டியேகோ வளாகத்து உளவியலார் இருவர் 2011இல் பன்னிரண்டு சிறுகதைகளைக் கொண்டு நடத்திய சோதனையில், முடிவை முன்பே அறிந்து படித்தவர்களே பெரும்பாலும் கூடுதலாகச் சுவைத்தனர் என்று கண்டனர். பின்னர் வந்த ஆய்வுகளுள் இதற்கு மாறான முடிவைத் தந்தவையும் உண்டு. இவ்வகைக் கணக்கெடுப்பு இவ்வினாவைத் தீர்க்கும் என்று தோன்றவில்லை. சுவையின் அளவு கூடியதா குறைந்ததா என்பதைவிட, எவ்வகைச் சுவை என்பதே இலக்கிய ஆய்வாளர் கேட்க வேண்டியது.

‘அந்த நாள்’: சொல்லப்பட்டதும் மறைக்கப்பட்டதும்

வீணைக் கலைஞரான எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்த ‘அந்த நாள்’ 1954 ஏப்ரலில் வெளிவந்தது. ஜாவர் சீதாராமன் அதற்கு எழுதியதோடு, புலனாய்வு அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். படம் தொடங்கிய உடனேயே வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டு வீழ்கிறான். அவ்வேடத்தில் நடித்தவர் ‘பராசக்தி’யால் இரண்டே ஆண்டுகளில் பெரும்புகழ் பெற்றுவிட்ட சிவாஜி கணேசன். யாரைக் காண அரங்கிற்கு வந்தனரோ அவர் முதற்காட்சியிலேயே பிணமாகிறார். அதன்பின் ராஜனைச் சூழ்ந்திருந்தோர் ஒவ்வொருவராகத் தம் நினைவில் உள்ள ராஜனைச் சொல்ல, இறந்தவன் திரும்பத் திரும்ப உயிர்பெற்று வருகிறான். பதிகம் போலவே இப்படமும் பெரிய செய்தியை முதலில் சொல்லிவிட்டு, காரணத்தைப் பின்னுக்கு வைத்துக்கொள்கின்றது.

இப்படத்தை அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) படத்தோடு ஒப்பிடுவது வழக்கம். பலர் வாய்மொழியால் ஒரு கொலை விரிகின்றது என்ற அளவில் ஒப்புமை உண்டு. ஆழ்ந்து நோக்கின் இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் செல்பவை. ‘ராஷோமோன்’ படத்தில் ஒரே நிகழ்ச்சி முரண்பட்டு உரைக்கப்படுகின்றது. கள்வன், மனைவி, இறந்த கணவனின் ஆவி ஆகிய மூவரும் கொலைப்பழியைத் தத்தம்மேலேயே ஏற்றுக்கொள்கின்றனர். இறுதியில் பேசும் விறகுவெட்டியும் குத்துவாளைத் திருடியவனாக இருக்கலாம் என்ற ஐயம் எழ, அவன் கூற்றும் உறுதியற்றதாகின்றது. அப்படத்தின் முடிவை யாரும் சொல்லிக் கெடுக்க இயலாது. சொல்வதற்குரிய ஒற்றை முடிவு அதில் இல்லை. ‘அந்த நாள்’ படத்திலோ ஒவ்வொருவரும் பழியைப் பிறர்மேல் சுமத்துகின்றனர். ராஜனின் தம்பி பட்டாபி தன் மனைவி ஹேமாவையே ஐயுறுகிறான். அனைத்தின் அடியிலும் ஐயத்திற்கிடமற்ற ஓர் உண்மை கிடக்கின்றது. ராஜன் ஜப்பானியர்க்கு உளவு சொன்னவன். அதை அறிந்த மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவனைக் கொன்றது. குரோசாவாவின் பெயரைச் சொல்லி இப்படத்தை உயர்த்த முயல்வோர், இதன் கட்டமைப்புக்கு உரிய தனித்தன்மையை அறியாது விட்டுவிடுகின்றனர்.

அத்தனித்தன்மை எங்கே உள்ளது? 1943 அக்டோபர் 11 அன்று ஜப்பானிய விமானம் சென்னையின்மேல் குண்டு வீசியது. படத்தின் தலைப்பு அந்த நாளையே குறிப்பது. பதினோராண்டுகளே கழிந்திருந்தமையால், 1954இல் படம் பார்த்த சென்னைவாசிகளுக்கு அது நேரில் அறிந்த அச்சம். இருந்தும் ஒரு கொலைக்கதையில் போரும் குண்டுவீச்சும் காலத்தைக் குறிக்க வந்த பின்னணியாகவே கொள்ளப்படும். கண் பணத்தகராறிலும் குடும்பப் பகையிலும் அம்புஜத்தோடு ராஜனுக்கு இருந்த உறவிலும் சென்று பதிகின்றது. முடிவு வெளிப்படும்போது, திரைச்சீலையாகத் தொங்கிய போர் அரங்கின் நடுவிற்கு வருகின்றது. நகரின்மேல் குண்டு விழுந்ததும் ராஜன்மேல் குண்டு பாய்ந்ததும் ஒரே கதையின் இரு முனைகள் எனத் தெரிகின்றது. அவன் வானொலிப் பொறியாளன் என்பதும் மறைக்கப்பட்ட செய்தியன்று, தொடக்கத்திலேயே கூறப்பட்டது. துப்பு கண்முன்னே வைக்கப்பட்டிருந்தும் அது துப்பாகத் தோன்றவில்லை. நேர்மையான திருப்பம் என்று இதனையே சொல்ல வேண்டும். இரண்டாம் முறை பார்ப்பவர்க்கு வானொலி, விமானம், இரவு ஆகிய யாவும் வேறு பொருள் தருகின்றன. முதன்முறை பார்ப்பவர் இழந்துவிட்ட படம் ஒன்று இரண்டாம் முறையில்தான் கிடைக்கின்றது.

ஐயத்திற்கு அப்பாற்பட்டவள்

உஷாவை மறைத்துவைப்பதற்கு இயக்குநர் பெருமுயற்சி எதுவும் செய்யவில்லை. அப்பணியைச் செய்தது பார்வையாளரின் மனத்தில் ஊறிப்போன பத்தினிக் கருத்து. கணவனை இழந்து வாடும் மனைவி, அதிலும் ‘பராசக்தி’யில் நல்லறிவின் வடிவாக நின்ற பண்டரிபாய் ஏற்ற வேடம், ஐயத்தின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. கிறிஸ்டி கதைசொல்லியின் மீதான நம்பிக்கைக்குப் பின்னால் கொலையாளியை ஒளித்தார். பாலசந்தரும் ஜாவர் சீதாராமனும் கற்புக்கு இச்சமூகம் தந்திருந்த மதிப்பின் பின்னால் ஒளித்தனர்.

கண்ணகி இங்கு நினைவுக்கு வருவது தற்செயலன்று. கணவன் பொருட்டு ஒரு நகரையே எரித்தவள் அவள். நகரின் பொருட்டுக் கணவன்மேல் துப்பாக்கி தூக்கியவள் உஷா. சிலப்பதிகாரம் தமிழரின் அடையாள நூலாக மேடைதோறும் முழங்கப்பட்ட காலத்தில் வெளிவந்த படத்தில் இத்தலைகீழாக்கம் நிகழ்ந்துள்ளது. படைத்தோர் இதனைக் கருதிச் செய்தனரா என்பது வேறு செய்தி. பார்த்தோர் மனத்தில் கண்ணகி இருந்தாள் என்பது மட்டும் உறுதி. முன்பே அறிந்த கதை ஒன்று நெஞ்சில் இருந்தமையால்தான் இத்திருப்பம் திருப்பமாயிற்று. முன்னறிவு மர்மத்திற்குப் பகை என்னும் பொதுக்கருத்து இவ்விடத்தில் நிலைகுலைகின்றது. கண்ணகியை அறியாத ஒருவர்க்கு உஷாவின் செயல் ஒரு தகவல் மட்டுமே.

படத்தின் குறையும் இங்கேயே தொடங்குகின்றது. அதுவரை ஒளியும் நிழலும் பேசிய படம், உண்மை வெளிப்படும் பகுதியில் நாட்டுப்பற்று பற்றிய உரையாடலுக்கு இடம் கொடுத்துவிடுகின்றது. பத்தினி கணவனைக் கொல்லலாமா என்ற கேள்விக்குச் சொற்களால் விடை தேடியாக வேண்டிய நெருக்கடி படைத்தோர்க்கு இருந்திருக்க வேண்டும். அவ்வச்சம் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆயினும் சிலம்பு உடைந்து சிதறிய ஒரு கணத்தில் இளங்கோ சாதித்ததை, இங்கு ஒரு நெடிய வாதத்தால் சாதிக்க வேண்டியதாயிற்று.

எந்த நாடு?

முடிவை மறைக்கும் வழக்கத்தினால் இப்படம் பற்றிக் கேட்கப்படாமலே போன வினா ஒன்று உண்டு. உஷா காத்தது எந்த நாட்டை? 1943 அக்டோபரில் சென்னை பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்தது. குண்டு வீழ்ந்த பத்தாம் நாள், அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் தற்காலிக ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். ஜப்பானின் துணையோடு போரிட்ட இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாவின் தோட்டத் தொழிலாளராயிருந்த தமிழர் பெருந்தொகையாகச் சேர்ந்திருந்தனர். 1945 நவம்பரில் அப்படையின் அலுவலர்கள் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்டபோது, அவர்களுக்காக வழக்காடக் காங்கிரசுத் தலைவர்களே முன்வந்தனர். ஆக, ஜப்பானின் பக்கம் நின்றவர் துரோகியா விடுதலை வீரரா என்னும் வினாவிற்கு 1954இல் ஒற்றை விடை இருக்கவில்லை. திரையரங்கில் அமர்ந்திருந்தோரின் உறவினருள்ளும் அப்படையில் பணியாற்றியோர் இருந்திருக்கக் கூடும்.

இச்சிக்கலைப் படைத்தோர் உணர்ந்திருந்தனர் என்று கொள்ள இடமுண்டு. ராஜனுக்கு அவர்கள் கொடுத்திருக்கும் குணங்களே அதற்குச் சான்று. அவனிடம் விடுதலை பற்றிய கருத்து எதுவும் இல்லை. தன் திறமைக்கு இந்நாட்டில் மதிப்பில்லை என்ற கசப்பே அவனை மாற்றாரிடம் கொண்டு சேர்க்கின்றது. மனைவியிருக்க வேறொருத்தியோடு உறவு கொண்டவன்; உடன்பிறந்தவனோடும் பூசல். இத்தனை குறைகளையும் அவன்மேல் ஏற்றியது ஐயத்திற்குரியோர் தொகையைப் பெருக்குவதற்காக மட்டுமன்று. பிரித்தானியரை வீழ்த்த ஜப்பானோடு கைகோத்த ஒரு கொள்கையாளனாக அவன் இருந்திருப்பின், உஷாவின் செயலை நாட்டுப்பற்று என்று எளிதில் பெயரிட்டிருக்க முடியாது. அவ்வாறு ஒருவன் கண்முன் தோன்றிவிடாதபடி ராஜன் சிறுமைப்படுத்தப்படுகிறான். உஷாவின் வாதத்தில் வலுவான பகுதி, நாடு என்னும் பெருஞ்சொல்லை விட்டு, குண்டுக்கு இரையாகும் ஊர்மக்களைப் பற்றியதாக அமையும்போது மட்டுமே நிற்கின்றது. அது எந்த ஆட்சியிலும் நிற்கும் வாதம். கொள்கையோடு பேசும் ராஜன் ஒருவனை எதிரே நிறுத்தி, அவனிடம் அவ்வாதத்தை உரைக்கும் வாய்ப்பு உஷாவுக்கு அளிக்கப்படவில்லை.